டப்பா திறக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்களில் ஜெயநகரிலிருந்து ஒரு சார் எழுதியிருந்ததை எங்கள் வீட்டில் காபி ஆறிப்போகும் வரை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். தெருவுக்கு ஒரு ஐயங்கார் பேக்கரி இருக்கிற பெங்களூரில் வீட்டில் கேக் செய்வது கரண்டுக்குப் பிடித்த கேடு, ஆபீஸ் டப்பாவில் சோற்றைத் தவிர வேறு எது வைத்தாலும் அது சோம்பேறித்தனம், பான்கேக் என்பது தோசை வார்க்கத் தெரியாதவர்கள் வைத்த பெயர், இந்த மூன்றையும் ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிட்டார். சார் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரிகிறது. நானும் அதே மனதோடுதான் பதில் எழுதுகிறேன். ஆனால் டப்பா விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் அல்சூரில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் காலையில் டப்பா கட்டுகிறேன், இப்போது தினமும் மூன்று. வீட்டுக்காரருக்கு ஒன்று, பி.யு. காலேஜில் படிக்கும் பையனுக்கு ஒன்று, ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒன்று. பெண் ஏழே முக்காலுக்கு மெட்ரோ பிடிக்கக் கிளம்புகிறாள், டப்பாவைத் திறப்பது ஒன்றரை மணிக்கு. நடுவில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அடுப்பிலிருந்து இறக்கியதும் ருசியாக இருக்கும்படி நிறையப் பேர் சமைத்துவிடுவார்கள். ஆறிப்போய், மூடிக்குள் வேர்த்து, பையில் சாய்ந்து கிடந்து, அதற்கு அப்புறமும் வாயில் வைத்தால் நன்றாக இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக யோசித்துச் சமைக்க வேண்டும். ஆபீஸில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் முன்னால் வரிசையும் இருக்கிறது, அரைமணி சாப்பாட்டு நேரத்தில் கால்மணி அங்கேயே போய்விடுகிறது என்கிறாள் பெண்.

நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அப்பர் திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியோடு களைத்து வந்தபோது இறைவனே பொதிசோற்றோடு காத்திருந்ததாக நம் புராணம் சொல்கிறது, சாமியே கட்டிக்கொண்டு வந்து கொடுத்த சாப்பாடு என்று எங்கள் அம்மா கட்டுச்சோறு பிசையும்போதெல்லாம் சொல்வாள். அந்தப் புளிசாதத்தைப் பாருங்கள். புளியின் புளிப்பில் கெடுக்கும் கிருமிகள் சுலபமாக வளராது, நல்லெண்ணெய் ஒவ்வொரு பருக்கையையும் பூசிக்கொண்டு காயவிடாமல் வைக்கிறது, சாதத்தைத் தாம்பாளத்தில் பரத்தி நன்றாக ஆறவிட்டுப் பிசைவதால் ஆவி உள்ளே தங்கி நசநசக்காது. வெறும் சாதத்தைச் சுடச்சுட அடைத்து ஆறு மணி நேரம் வைத்தால் அதில் கிருமி பெருகி வயிற்றைக் கெடுக்கும் என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்வதை அவர்கள் கையால் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தயிர்சாதமும் அப்படித்தான். காலையிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்து நாக்கைக் கூசவைக்கும், குழைந்த சாதத்தில் பாலை ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்து அனுப்பினால் திறக்கும் நேரத்துக்குத்தான் உறைந்து தயிர்சாதமாகும். இட்லி என்றால் இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி அடுக்க வேண்டும். ரயிலில் மிளகாய்ப்பொடி இட்லி சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தட்டில் ஆவி பறக்கிற இட்லியைவிட அது ருசி.

ஆக, சோறு டப்பாவுக்கு ஏற்றது என்பதில் சாருக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. ஆனால் எல்லாச் சோறும் ஏற்றது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏப்ரல் மாத வெயிலில் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டையும் சாம்பார் சாதத்தையும் கட்டிக்கொடுத்துவிட்டு, சோறுதானே கொடுத்தேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. எது ஆறு மணி நேரம் தாங்கும், எது தாங்காது என்று பார்த்து வைத்தால், அந்தப் பட்டியலில் புளிசாதத்துக்குப் பக்கத்திலேயே வீட்டில் செய்த கேக்கும் வந்து உட்காரும், நல்லபடியாகச் சுட்ட பான்கேக்கும் வந்து உட்காரும்.

கேக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐயங்கார் பேக்கரியைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பம் ஒன்று 1898-ல் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரிதான் இந்த வகைக் கடைகளுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். முட்டையில்லாமல் ரொட்டியும் கேக்கும் செய்து, அதுவரை பேக்கரி வாசலையே மிதிக்காத வீடுகளுக்குள்ளும் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். காரா பன், தில்பசந்த், காங்கிரஸ் கடலை, மேலே ஜாமும் தேங்காய்த்தூளும் போட்ட ஹனி கேக், இதையெல்லாம் வீட்டில் செய்யப் போகிறேன் என்று நான் சொல்லவே மாட்டேன். காரா பன் சாயங்காலம் நாலரைக்குக் கடையில் சூடாக வரும்போது வாங்கிச் சாப்பிட வேண்டிய பொருள். ஆனால் அதையே மறுநாள் காலை டப்பாவில் வைத்துப் பாருங்கள், மதியத்துக்குள் விறைத்துப் போயிருக்கும். கடைக்காரர் சாயங்காலத்துக்காகச் செய்கிறார், நான் மறுநாள் ஒன்றரை மணிக்காகச் செய்கிறேன்.

இதில் நான் படித்துக்கொண்ட பெரிய பாடம் எண்ணெய். வெண்ணெய் போட்ட கேக் சூட்டில் மணக்கும், ஆனால் ஆறினதும் வெண்ணெய் இறுகும், பெங்களூர்க் குளிரில் இன்னும் சீக்கிரம் இறுகும், அதோடு கேக்கும் இறுகிவிடும். எண்ணெய் ஊற்றிச் செய்தது அப்படி இறுகாது, மூன்றாம் நாளும் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டாவது பாடம், கேக்கையும் ரொட்டியையும் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது. மாவிலுள்ள ஸ்டார்ச் அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகுகிறது, வெளியில் இருப்பதைவிட ஃபிரிட்ஜில் ரொட்டி சீக்கிரம் வறட்டுத் தன்மைக்கு வந்துவிடும். டப்பாவில் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம், அதற்கு மேல் வைப்பதென்றால் ஃபிரீசர்தான் சரி. சனிக்கிழமை ஒரு வாழைப்பழக் கேக்கோ கேரட் கேக்கோ சுட்டு வைத்தால் திங்கள் வரைக்கும் மூன்று டப்பாவிலும் ஆளுக்கு ஒரு துண்டு போகிறது. அதனால் அன்றைக்கு நான் புளிசாதத்தை விட்டுவிடுவதும் இல்லை, இரண்டும்தான் போகிறது.

கரண்டுக்குக் கேடு என்ற பேச்சுக்கு ஒரே ஒரு பதில். மார்கழி, தை மாதங்களில் எங்கள் வீட்டு இட்லி மாவு அந்த ஓவனுக்குள்தான் பொங்குகிறது. இந்த ஊர்க் குளிரில் ராத்திரி அரைத்து மேடையில் வைத்த மாவு காலையில் வைத்தபடியே கிடக்கும், மெட்ராஸிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதற்காக நான் அழுதிருக்கிறேன். ஓவனை ஒரு நிமிஷம் போட்டு அணைத்துவிட்டு, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் விடியும்போது மாவு விளிம்பு வரை வந்திருக்கும். ஜெயநகர் சார் வீட்டில் குளிர்காலத்தில் இட்லி எப்படி எழும்புகிறது என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

ஓவன் வாங்குவதற்கு முன்னால் எட்டு வருடம் குக்கரில்தான் சுட்டேன். அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே ஸ்டாண்ட் போட்டு, அதன்மேல் கேக் டின். ஒரு நாள் தண்ணீரில்லாத அந்தச் சூட்டில் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகிப்போனது, அது உருகுவதற்கென்றே வைத்திருப்பது, அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னமும் குக்கரில் சுடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து குக்கரை விட்டுவிட்டு அடி கனமான ஒரு பழைய சட்டியையும் அதற்குச் சரியாகப் பொருந்துகிற மூடியையும் பயன்படுத்துங்கள், கேக் அதே மாதிரிதான் வரும், பயமும் இல்லை.

இப்போது பான்கேக். தோசைக்கு அது தம்பியா அண்ணனா என்று சார் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்து இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். மாவு கரைத்துச் சூடான கல்லில் ஊற்றிச் சுடுவது உலகத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறது. நாம் ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து அந்தக் காற்றில் மாவை எழுப்புகிறோம், அவர்கள் தயிரிலோ மோரிலோ இருக்கும் புளிப்போடு சோடாவைச் சேர்த்து அந்தக் காற்றை ஐந்து நிமிஷத்தில் வரவைக்கிறார்கள். இந்த ஊர் செட் தோசையைச் சாப்பிட்டவருக்கு, தட்டுக்கு மூன்றாக, தடியாக, துளைதுளையாக, மெத்தென்று வருகிறதே, அதைச் சாப்பிட்டவருக்குப் பான்கேக் எப்படி அந்நியமாகப் படும் என்று எனக்குப் புரியவில்லை. நம் வீடுகளில் திடீரென்று விருந்தாளி வந்தால் கரைத்து ஊற்றுகிற கோதுமை வெல்லதோசையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

எனக்குப் பான்கேக் கற்றுக்கொடுத்தது குக் டவுனில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி. நாங்கள் அங்கே குடியிருந்தபோது பக்கத்து வீடு, என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கும் தமிழ் அப்படித்தான் வரும். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் பான்கேக் நாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு அந்தப் புதனன்று தொடங்குவதற்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும் என்று சீமையில் உண்டான வழக்கம், அங்கே ஓல்னி என்ற ஊரில் பெண்கள் வாணலியில் பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே ஓடும் பந்தயம் 1445-ல் தொடங்கியது என்று சொல்வார்களாம், ஆன்ட்டி சொல்லித்தான் எனக்கும் தெரியும். ஆனால் ஆன்ட்டி வீட்டுப் பான்கேக்குக்குள்ளே இருந்தது என்ன தெரியுமா, துருவின தேங்காயும் சர்க்கரையும் ஏலக்காயும். மெலிதாக வார்த்து, பூரணத்தை நடுவில் வைத்து, பாய் மாதிரி சுருட்டித் தட்டில் அடுக்கி எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். முதல் தடவை சாப்பிட்டபோது என் மாமியார், இது நம்ம போளிக்குச் சொந்தக்காரி என்றார். முட்டை இருந்ததால் அவருக்கென்று அடுத்த வருடத்திலிருந்து முட்டையில்லாமல் தனியாக நான்கு வந்தது, அதை இன்றைக்கும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அந்தத் தெருவில் யாரும் இது உங்கள் சாப்பாடு, இது எங்கள் சாப்பாடு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காலையில் சுட்ட தடிமன் பான்கேக்கை அப்படியே அடுக்கி டப்பாவில் வைத்தால் மதியம் ரப்பராகத்தான் இருக்கும், மேலே தேனும் ஊற்றியிருந்தால் சொதசொதவென்று ஊறியிருக்கும். சார் அப்படி ஏதாவது சாப்பிட்டுவிட்டு எழுதியிருந்தால் அவர்மேல் தப்பில்லை. இதற்கு எனக்குக் கிடைத்த வழி நம் பணியாரக் கல். டென்மார்க்கில் இதே மாதிரி குழிகள் உள்ள இரும்புக் கல்லில் பான்கேக் மாவை ஊற்றி உருண்டையாகச் சுடுகிறார்கள் என்று படம் பார்த்தபோதுதான் புத்தியில் தட்டியது, கல் நம் வீட்டிலேயே இருக்கிறதே. உருண்டையாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது, இடையில் காற்று போகும், ஒரு வாய்க்கு ஒன்று, தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம், கீபோர்டும் பிசுபிசுக்காது.

அளவு சொல்கிறேன், இதைப் போட்டால் போதும், மற்றதை வெட்டினாலும் பரவாயில்லை. கோதுமை மாவு 120 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், பொடித்த வெல்லம் 50 கிராம், நன்றாகப் பழுத்த ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, பால் 80 மில்லி, எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். சமையல் சோடா கால் டீஸ்பூன், தலைதட்டி. வெல்லத்தைத் தயிரில் கரைத்து வடிகட்டுங்கள், பாலில் போட்டுக் காய்ச்சினால் திரிந்துவிடும். பழத்தை மசித்து, சோடாவைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள், கோதுமை மாவிலுள்ள தவிடு ஊற அந்த நேரம் வேண்டும். கரண்டியால் அடித்துக் கலக்காதீர்கள், மாவு இழுபட இழுபட சப்பாத்தி மாவு மாதிரி இறுக்கம் வந்துவிடும், அங்கங்கே சிறு கட்டி இருந்தாலும் வெந்துவிடும். கல் காய்ந்த பிறகு கடைசியில் சோடாவைத் தூவி இரண்டு சுற்று மட்டும் கலந்து உடனே ஊற்ற வேண்டும், ஊற்றத் தாமதித்தால் அந்தக் காற்றெல்லாம் பாத்திரத்திலேயே போய்விடும். மிதமான தீ. மேலே வரும் குமிழ் உடைந்து, அந்தத் துளை மூடாமல் அப்படியே நின்றால் திருப்பிப்போடலாம். ஏழு குழிக் கல்லில் இரண்டரை ஈடு வரும். எடுத்ததும் துணி விரித்த தட்டில் ஆறவிட்டு அப்புறம்தான் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் இவ்வளவு பாடும் வீண்.

இப்போது உங்களிடம் ஒரு கோரிக்கை, உண்மையில் இந்தக் கடிதம் இதற்காகத்தான். உங்கள் சனிக்கிழமைச் சமையல் பகுதியை நான் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறேன், மூன்று நோட்டு ஆகிவிட்டது. அதில் பொரியல், குழம்புக்கு உப்பு தேவையான அளவு என்று போடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் தேவையான அளவு, ஒரு கப், அரை கப் என்று போட்டால் புதிதாகச் செய்யும் பெண்பிள்ளைகளும் பையன்களும் திண்டாடுகிறார்கள். கப் என்றால் 240 மில்லி என்று குறிப்பு எழுதுகிறவருக்குத் தெரியும், என் மருமகன் முறையில் ஒரு பையன் காபி டம்ளரில் அளந்து போட்டு, கல் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். பொருளையெல்லாம் வீணாக்கிவிட்டு அவன் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன், அதற்குப் பிறகு அவன் அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளந்து அளந்து வாழ்ந்த ஜனங்கள் நாம், கண்ணளவு நம் பழக்கம் என்று சொல்லிக்கொள்வதே சரியில்லை. கிராமில் போடுங்கள், டின் எத்தனை அங்குலம், ஓவன் எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று போடுங்கள்.

இன்னொன்று, பெங்களூருக்கென்று ஒரு வரி சேருங்கள். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், மாவுக்குள் வரும் காற்றும் கொஞ்சம் கூடுதலாகவே விரியும். மெட்ராஸ் குறிப்பில் சொன்ன சோடாவை அப்படியே போட்டபோது எனக்குக் கேக் நன்றாக எழும்பி நடுவில் குழி விழுந்தது, ஒரு சிட்டிகை குறைத்ததும் நின்றது. அங்கே அச்சாகிற குறிப்பையே இங்கேயும் போடுவதாக இருந்தால் இதை மட்டும் ஒரு அடைப்புக்குள் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், டப்பாவுக்குப் போகிற எந்தக் குறிப்பாக இருந்தாலும், சோறானாலும் கேக்கானாலும், இது எத்தனை மணி நேரம் தாங்கும், ஆறவிட்டு மூட வேண்டுமா, வெயில் காலத்தில் அனுப்பலாமா என்று கடைசியில் ஒரு வரி வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ஜெயநகர் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் வீட்டுப் புளிக்காய்ச்சல் பத்து நாள் கெடாமல் இருக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார், எங்கள் வீட்டில் ஒரு வாரத்தைத் தாண்டியதில்லை. அந்த அளவை அவர் உங்களுக்கு அனுப்பினால் கட்டாயம் போடுங்கள், கிராமில்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு